கத்திரி வெயிலில் பதினெட்டு பாட்டில்

ஏப்ரல் 16, செவ்வாய்

காப்பித்தூள் கடைக் கோதண்டத்தோடு உறவு இன்றோடு முடிந்தது. இருபத்தாறு வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன். ஐப்பசியிலிருந்தே தூளில் மணமில்லை. சிக்கரியைக் கூட்டிவிட்டார் என்று நினைத்து, சிக்கரியே வேண்டாம் என்றேன். அப்புறம் கண்ணெதிரே அரைக்கச் சொன்னேன். இன்று அரைத்த சூட்டோடு ஒரு சிட்டிகை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டி, “கடையே மணக்குது. இன்னும் என்னாம்மா வேணும் உங்களுக்கு?” என்றார். நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தச் செலஸ்தீனை ஏமாற்ற நினைப்பவர்கள், என் மூக்கு எப்பேர்ப்பட்டது என்று விசாரித்துவிட்டு ஏமாற்ற வேண்டும்.

சாயங்காலம் என் தங்கை லெயோனி வந்தாள். அவள் மகள் எவ்லினுக்கு மே 20 கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா கஸ்பார் இந்த நெல்லித்தோப்பிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய், பென்ஷன் வாங்கி, அங்கேயே தங்கிவிட்டவர். மாதா கோவிலில் பூசை முடிந்ததும் மண்டபத்துத் தோட்டத்தில் பதினொரு மணிக்கு எல்லோரும் கிளாஸ் தூக்கி வாழ்த்துவது என்று ஏற்பாடு. கஸ்பார் போனில், “அங்க யாருக்கு என்னா தெரியும்? ஷாம்பேன் நாங்களே கொண்டாறோம்” என்றாராம். அதற்கு எவ்லின், “எங்க பெரியம்மா எடுத்து, எங்க பெரியம்மா ஊத்துவாங்க. இல்லாட்டி மோர் குடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் பெண் இந்த வீட்டில் தவழ்ந்தவள். எழுபது பேர் முன்னால் ஒரு கிளாஸ் கெட்டுப்போனால், கெட்டது என் பெயரும் அவள் பேச்சும்தான். ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வைன் பற்றி யாரும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. இதை ஒரு முறை எழுதி வைக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் வில்லா மர்கரித் விருந்தினர் விடுதியில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து தட்டில் கிளாஸ்கள் வரும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கும். கழுவுமுன் மோந்து பார்ப்பேன். பிறகு காலி பாட்டிலைத் தேடிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எது எலுமிச்சம் பூ, எது ஈர மண், எது சுட்ட ரொட்டி என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். எட்டு வருஷத்தில் ஏழு நோட்டு. ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஒரு விருந்தாளி பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். ஏன் என்று யாருக்கும் புரியாதபோது, அது கார்க்கால் கெட்டிருக்கிறது என்று கழுவுத் தொட்டியிலிருந்து நான்தான் முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்த விடுதியில் எந்த மேஜைக்கு எந்த வைன் என்று தீர்மானித்தது நான்.

பதினைந்து வருஷம் முன்பு முதலாளி ஒரு பையனைக் கூட்டி வந்தார். இளம்பரிதி. ஓட்டல் படிப்பு, சான்றிதழ், கறுப்புக் கோட்டு. “இனிமே வைன் பரிதி பாத்துக்குவான். நீங்க மேஜைத் துணியப் பாத்துக்குங்க” என்றார். அன்று மதியமே வெளியேறினேன். ஒரு வாரம் கழித்து விடுதியிலிருந்து சால்வையோடு வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கஸ்பார் நேரடியாக எனக்கே போன் செய்தார்.

“சம்மந்தியம்மா, ஷாம்பேன் இல்லாம கல்யாணமா? எங்க ஆளுங்க என்னா நினைப்பாங்க?”

“பெட்டியில போட்டு, ஏரோப்ளான்ல குலுக்கி, சென்னைலேருந்து கார்ல வறுத்துக் கொண்டாந்தா அது ஷாம்பேன் இல்ல மிஸ்யே, கஷாயம். அதுவும் ஆளுக்கு ரெண்டு பாட்டில்தான் கொண்டார உடுவான்.”

“அப்ப என்னா குடுப்பீங்க?”

“பொறுங்க, வந்து குடிங்க.”

ஷாம்பேன் என்பது அதே பெயருள்ள பிரெஞ்சு ஊரில் செய்தால்தான். மற்றதற்கெல்லாம் நான் வைத்த பெயர் குமிழி வைன். நாசிக் பக்கம் அதே முறையில், பாட்டிலுக்குள்ளேயே நுரைக்கவிட்டுச் செய்கிறார்கள். மே மாதத்துக்கு அது போதும். கனமான பழைய சரக்கு இந்த வெயிலில் நெஞ்சில் உட்காரும். வேண்டியது இளசு, நல்ல புளிப்பு, பாட்டிலில் ‘ப்ரூத்’ என்று போட்ட, இனிப்பு குறைந்த ரகம். மூன்று வகை வாங்கிவரச் சொல்லி எவ்லினிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துவிட்டது. நான் முன்னறையில் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். “தெருவே நாறுதுக்கா, உங்களுக்குத் தெரியலியா?” என்றாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

லெயோனியும் எவ்லினும் வந்தார்கள். மூன்று பாட்டிலையும் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கார்க்கைத் திருகக் கூடாது. கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். வெடிச் சத்தம் வந்தால் திறந்தவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு பெருமூச்சு மாதிரி வர வேண்டும். மூன்றும் அப்படித்தான் வந்தன.

முதல் பாட்டில் நாக்கில் சப்பென்று இருந்தது. மூன்றாவதில் இனிப்பு. இரண்டாவதுதான் சரி: குமிழ் பொடிசு, அடியிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஏறுகிறது, புளிப்பு நாக்கின் ஓரத்தைச் சுத்தமாகத் துடைக்கிறது.

“இதுதான்” என்றேன்.

எவ்லின் கிளாஸை முகத்தருகே கொண்டுபோய் நிறுத்தினாள். “பெரியம்மா, இது கொஞ்சம்... காயாத துணி மாதிரி வாசனை வரல?”

“அது நுரைக்கிற ஈஸ்ட்டு வாசனை. பழகாதவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும்.”

லெயோனி மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். அவளுக்கு எதிலும் சர்க்கரை வேண்டும். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்லின், “இதே கம்பெனி, வேற பாட்டில் ஒண்ணு தெறந்து பாக்கலாமா?” என்றாள். தேவையில்லை என்றேன்.

போகும்போது லெயோனி வாசலில் நின்றாள். “அக்கா, ஒருக்கா டாக்டர்கிட்ட போலாமா?”

“எதுக்கு?”

“சும்மா. அந்த ஐப்பசிக் காய்ச்சலுக்கப்புறம் போவவே இல்லியே.”

“காய்ச்சல் போயிடுச்சு. அப்புறம் எதுக்கு டாக்டர்?”

மே 1, புதன்

எவ்லின் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? கல்யாணத்துக்கு வேண்டிய பதினெட்டு பாட்டிலையும் பரிதியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் இப்போது விடுதியில் இல்லையாம், சொந்தமாக வைன் கடை வைத்திருக்கிறானாம்.

“ஊரு பூரா கடை இருக்கு. அவன்தான் கெடச்சானா?”

“மத்தவங்க கடையில பாட்டில் கண்ணாடி அலமாரியில வெயில்ல நிக்குது பெரியம்மா. இவருகிட்டதான் குளிர் ரூம் இருக்கு. வைன் நீங்க சொன்னதுதான். அதே கம்பெனி, அதே ரகம். அவரும் தெறந்து பாத்து நல்லா இருக்குன்னாரு.”

“அவன் ஏன் பாக்கணும்? நான் பாத்தது போதாதா?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

குளிர் அறை விஷயத்தில் அவள் சொல்வது சரி. இரண்டு மதியம் வெயிலில் நின்ற பாட்டிலுக்குப் பழைய ருசி திரும்பி வராது. அதனால் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு: அவனோடு நான் பேச மாட்டேன்.

மே 4, சனி

கத்திரி இன்று ஆரம்பம். குழாயில் வெந்நீர்.

மே 8, புதன்

லெயோனியைக் கூட்டிக்கொண்டு பரிதி கடைக்குப் போனேன். கிளாஸ்கள் அவன்தான் வாடகைக்குத் தருகிறான், பார்க்க வேண்டியிருந்தது. தலையில் முடி பாதி போய்விட்டது. “வாங்கம்மா” என்று எழுந்தான்.

நான் லெயோனியிடம் சொன்னேன்: “உயரமான கிளாஸ்தான் வேணும், அகலக் கிண்ணம் வேணாம்னு சொல்லு.”

“உயரமான...” என்று லெயோனி ஆரம்பித்தாள்.

“கேட்டுதும்மா” என்றான் அவன். “உயரமானதுதான். எண்பது வச்சிருக்கேன்.”

“சோப்புப் பவுடர் போட்டுக் கழுவியிருந்தா நுரை செத்துடும். வெந்நீர்ல அலசி, பஞ்சு விழாத துணியால தொடைக்கணும்னு சொல்லு.”

“தொடைச்சுடறேம்மா.”

“என்கிட்ட பேச வேணாம்னு சொல்லு.”

லெயோனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. எனக்குத் தண்ணி குடுங்க” என்றாள்.

அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்: “பதினெட்டு பாட்டிலுக்கும் தெறந்ததும் மோந்து பாக்கணும். ஒண்ணு கார்க்குல பூசணம் புடிச்சுக் கெட்டிருந்தாலும் எட்டு பேரு கிளாஸ்ல போயிடும். அன்னிக்கு யாரு பாக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

“நான் பாப்பேன்னு சொல்லு” என்றேன்.

அவன் தலையாட்டினான். “நானும் ஒரு ஓரமா நிக்கறேன்னு சொல்லுங்க” என்றான். நிற்கட்டும். மண்டபம் என்னுடையது இல்லை.

மே 13, திங்கள்

கஸ்பார் குடும்பம் வந்து இறங்கிவிட்டது. என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் மனைவி விசிறிக்கொண்டே, “கேக் வெட்டுனதும் ஊத்திடுவீங்கல்ல?” என்றார். இங்கே எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான், கேக்குக்குப் பிறகு வைன். நாம் பழகிய சர்க்கரைத் திராட்சை வைனுக்கு அது சரி. இனிப்பு இல்லாத குமிழி வைனைக் கேக்குக்கு மேல் குடித்தால் எலுமிச்சம் பழத்தைக் கடித்த மாதிரி இருக்கும்.

“முதல்ல வைன். கூட உப்பு முந்திரி, கட்லெட். கேக் அரை மணி கழிச்சு” என்றேன்.

“வழக்கத்த மாத்துவீங்களா?”

“வைனை மாத்தியாச்சே.”

கஸ்பார் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: கிளாஸில் கால் பங்குக்கு மேல் ஊற்ற மாட்டேன். இந்த வெயிலில் கையில் பிடித்த ஐந்தாவது நிமிஷம் சூடாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப வருவேன். “கஞ்சத்தனம்னு நினைப்பாங்க” என்றார் அந்த அம்மாள். நினைக்கட்டும்.

மே 18, சனி

ஐஸ் விஷயத்தை முடித்தேன். நடுவில் ஓட்டையோடு சின்னத் துண்டுகளாக வருகிற குழாய் ஐஸ் தருகிறேன் என்று பரிதி எவ்லினிடம் சொல்லியனுப்பினான். அது தோட்டத்து வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பாளம் ஐஸ்தான் வேண்டும். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பாக்டரியில் ஐந்து பாளம், திங்கள் காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்கே கொண்டுவந்து உடைத்துக் கொடுப்பதாகப் பேசினேன். பக்கத்திலேயே ஒருவர் பெரிய நீல டப்பாக்கள் வாடகைக்குக் கொடுத்தார். பாட்டில் படுக்க நல்ல ஆழம். மூன்று எடுத்தேன். பளிச்சென்று கழுவி வைத்திருந்தார். நான் எதையும் கண்ணால் மட்டும் பார்த்து எடுப்பவள் இல்லை. குனிந்து மோந்து பார்த்துத்தான் எடுத்தேன். சுத்தமாக இருந்தது.

ஆட்டோக்காரர் வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். இந்தக் காலத்தில் யாருக்கும் நேராக உட்காரத் தெரியவில்லை.

மே 19, ஞாயிறு

லெயோனி மூன்று முழம் மல்லிகை கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். பார்க்க நன்றாக இருக்கிறது. இப்போதெல்லாம் உரம் போட்டு வளர்க்கிறார்கள், மணம் எங்கிருந்து வரும்?

மே 20, திங்கள்

முடிந்தது. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மே 21, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று காலை எட்டரைக்கெல்லாம் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் மூன்று டப்பாவும் தயார். ஐஸ், தண்ணீர், இரண்டு படி கல்லுப்பு. உப்பும் தண்ணீரும் இல்லாமல் வெறும் ஐஸில் புதைத்தால் பாட்டில் சீக்கிரம் குளிராது, இது பலருக்குத் தெரியாது. பரிதி கடை ஆள் வைத்துவிட்டுப் போன பதினெட்டையும் படுக்க வைத்தேன். லெயோனியும் மற்றவர்களும் கோவிலில். ஒன்பது மணிக்குக் கஸ்பார் மனைவி ஏற்பாட்டைப் பார்க்க வந்தார். டப்பாப் பக்கம் இரண்டடி வைத்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தார், திரும்பிக் காரில் ஏறிவிட்டார். திமிர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பூனைகள் வந்தன. துரத்தினேன். திரும்ப வந்தன. மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

பத்து மணிக்குப் பரிதி கிளாஸ் பெட்டிகளோடு வேனில் வந்தான். இறங்கியவன் அப்படியே நின்றான்.

“அம்மா, இந்த டப்பா எங்க எடுத்தீங்க?”

சுற்றிலும் லெயோனி இல்லை. வேறு வழியின்றி நேராகப் பதில் சொன்னேன். “எங்க எடுத்தா உனக்கென்னா?”

“மீன் டப்பா. நாத்தம் வாசல் கேட்டு வரைக்கும் வருது. பாட்டில் பூரா ஏறியிருக்கும்.”

“உன் மூக்குல நாத்தம். பதினஞ்சு வருஷம் முன்னாடி என் எடத்துக்கு வந்த. இன்னிக்கும் வந்துட்ட.”

அவன் கோபப்படவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து, துடைத்து, என்னிடம் நீட்டினான். “நீங்களே பாருங்க.”

வாங்கி மூக்கருகே வைத்தேன். குளிர்ச்சி தெரிந்தது. குளிர்ச்சி மட்டும்தான். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அதே குளிர்ச்சி.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

அப்போதுதான் பூனைகளைப் பார்த்தேன். ஐந்தாகிவிட்டிருந்தன. ஒன்று டப்பாவின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி நின்று வெளிப்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தது. சமையல் கொட்டகையில் ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூனைகூட அந்தப் பக்கம் போகவில்லை. இந்தப் பூனைகள் எந்தப் படிப்பும் படித்துவிட்டு வரவில்லை. என் மேல் அவற்றுக்குப் பகையும் கிடையாது.

நான் பாட்டிலைப் புல்லில் வைத்தேன்.

“எப்பலேருந்தும்மா?” என்றான். மெதுவாகக் கேட்டான்.

“ஐப்பசிலேருந்து” என்றேன்.

மணி பத்தே கால். பதினொரு மணிக்கு எழுபது பேர் வருவார்கள். “வேன்ல ஏத்திக் கடைக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டு வந்துடறேன்” என்றான். திங்கட்கிழமை காலை, மிஷன் வீதியைத் தாண்டி, போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம்.

“வேணாம். வேன்ல ஐஸ் இருக்கா?”

“நாலு மூட்டை. நீங்க வேணாம்னு சொன்ன குழாய் ஐஸு.”

“ஒரு மணி நேரம் தாங்குனா போதும். எறக்கு.”

தண்ணீருக்கென்று வைத்திருந்த இரண்டு புது எவர்சில்வர் அண்டாவைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கினேன். கல்லுப்பும், ஒரு பெரிய உருண்டை புளியும், இருபது எலுமிச்சம் பழமும் அவரே கொடுத்தார். டப்பாக்களை மதிலோரம் கவிழ்த்தார்கள். பூனைகள் அங்கே போய்விட்டன. குழாயடியில் நானும் பரிதியும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாகப் புளி போட்டுத் தேய்த்தோம். நான் தேய்ப்பது, அவன் மோந்து பார்ப்பது, போதாது என்றால் திரும்பக் கொடுப்பது. அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் புளிக் கறை.

எட்டாவது பாட்டிலில் சொன்னான்: “ஒங்க எடத்த நான் கேக்கலம்மா. வேலை கேட்டேன். அவங்க ஒங்க எடத்தக் குடுத்தாங்க. எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு.”

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்த நேரத்தில் பாட்டில் இன்னும் பத்து இருந்தது.

“கழுத்துப் பக்கம் சரியா மோந்தியா?” என்று மட்டும் கேட்டேன்.

தேய்த்த தேய்ப்பில் காகிதமெல்லாம் ஊறி உரிந்துவிட்டது. பதினெட்டும் மொட்டைப் பாட்டில். பத்து நாற்பதுக்கு அண்டாவில் ஐஸ், தண்ணீர், உப்பு, பாட்டில். முன்பே குளிர்ந்தவைதான், இருபது நிமிஷம் போதுமாயிருந்தது. நான் எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டேன். “இப்ப எப்பிடி?” என்று கேட்டேன். பரிதி என் பக்கம் குனிந்தான். “மல்லிப்பூ வாசனைதான் வருது” என்றான். தலையில் பூ வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கார்கள் வந்து நின்றன. நான் அவனிடம் சொன்னேன்: “நான் தெறப்பேன். ஒரு வெரக்கடை ஊத்தி உன்கிட்ட குடுப்பேன். நீ மோந்து பாத்துத் தலையாட்டணும். வாயால ஒண்ணும் சொல்லக்கூடாது. ஊத்தறது நான்தான்.”

“சரிம்மா.”

“மேஜைத் துணிக்குப் பின்னாடி நில்லு.”

அவன் சிரித்த மாதிரி இருந்தது. போய் நின்றான்.

முதல் பாட்டில் பெருமூச்சு விட்டுத் திறந்தது. ஊற்றிக் கொடுத்தேன். தலையாட்டினான். முதல் கிளாஸ் எவ்லினுக்கு. வெயிலில் அவள் முகம் சிவந்து, நெற்றியில் பவுடர் கரைந்திருந்தது. வாங்கும்போது என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, “பெரியம்மா, கையில ஏன் எலுமிச்சம்பழ வாசனை வருது?” என்றாள்.

“குடி, நுரை போயிடும்.”

குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள். பாதிரியாருக்கும், மாப்பிள்ளைக்கும், வரிசையாக எல்லோருக்கும் கால் கிளாஸ், கால் கிளாஸாக. கஸ்பார் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். “என்னா மார்க் சம்மந்தியம்மா? மொட்டையா இருக்கு?”

“குடிங்க மிஸ்யே. காகிதத்தையா குடிக்கப் போறீங்க?”

அவர் குடித்தார். முந்திரி இரண்டைப் போட்டு மென்றுவிட்டு மறுபடி குடித்தார். இரண்டாவது சுற்றுக்கு நான் அவரிடம் போகுமுன் அவரே மேஜைக்கு வந்து கிளாஸை நீட்டினார். அவர் மனைவி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்திருந்தார்.

பதினோராவது பாட்டில். திறந்தேன், ஊற்றிக் கொடுத்தேன். பரிதி தலையாட்டவில்லை. கிளாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு சரி. குமிழ் சரி. முதல் பத்துக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“நல்லாத்தான இருக்கு?” என்றேன்.

பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவன் சமையல் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே தரையில் நனைந்த சாக்கு ஒன்று கிடந்தது.

காயாத துணி என்று ஏப்ரலில் எவ்லின் சொன்னது நினைவுக்கு வந்தது. எதிரே எட்டு பேர் கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கஸ்பாரும் அவர்களில் ஒருவர். நான் அந்தப் பாட்டிலை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் பன்னிரண்டாவதை எடுத்தேன்.

மே 23, வியாழன்

பதினோராவது பாட்டிலைக் கார்க்கை அமுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நுரை போய்விட்டது. ஒரு கிளாஸில் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, என் பழைய நோட்டு ஏழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோந்து பார்த்தேன். நாலாவது நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: ‘நனைந்த சாக்கு, பூட்டிக்கிடந்த அறை. கார்க் கெட்டது. உடனே ஒதுக்கு.’ வயது இருபத்திரண்டு எனக்கு, அதை எழுதும்போது. கிளாஸில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மாதிரி.

எனவே எழுதுகிறேன். ஐப்பசிக் காய்ச்சலிலிருந்து எனக்கு மணம் தெரியவில்லை. பால், பூ, வைன், மீன், எதுவும். ஏழு மாதமாகத் தெரியவில்லை. இது எனக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும்.

லெயோனி வந்தாள். கிளாஸையும் நோட்டையும் பார்த்தாள். “சனிக்கிழமை டாக்டர் இருப்பாராம் அக்கா” என்றாள்.

“எத்தினி மணிக்கு?” என்றேன்.

அவள் போன பிறகு பரிதிக்குப் போன் செய்தேன். டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்கத்தான். கொடுத்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை புதுச் சரக்கு வருகிறது, வந்து நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதினைந்து வருஷத்துக் கணக்கு ஒரு உருண்டைப் புளியில் கரையாது. அதையும் அவனிடம் சொன்னேன். “தெரியும்மா” என்றான்.

மே 24, வெள்ளி

காலையில் கோதண்டம் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே மெஷினைப் போட்டார். கண்ணெதிரே அரைத்தார். அரைத்து முடித்து ஒரு சிட்டிகையை அள்ளியவர், கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். கடையில் அன்று சிரித்தவர்களில் ஒருவரும் இருந்தார்.

“வேணாம்” என்றேன். “கடையே மணக்குது. கால் கிலோ போடுங்க.”